எண் வந்தது, பணம்?

பெயர் சூட்டுவதிலே அவர்களை மிஞ்ச ஆளில்லை, தோழரே! கலிஃபோர்னியப் பல்கலைக்கழகம் தன் ஊழியர்களுக்குச் சம்பளம் கணக்கிட ஒரு மென்பொருளைக் கொண்டுவந்தது. அதற்கு இட்ட பெயர் 'யூசி பாத்'. பாதை என்று பொருள்! ஸ்காட்லாந்தின் எடின்பரோப் பல்கலைக்கழகம் கொண்டுவந்ததற்குப் பெயர் 'பீப்பிள் அண்ட் மனி'. மக்களும் பணமும் என்று பொருள்! கனடிய நாட்டு அரசு தன் ஊழியர்களுக்கென்று கொண்டுவந்தது 'பீனிக்ஸ்'. சாம்பலிலிருந்து உயிர்த்தெழும் பறவையாம்! இவற்றுள் கலிஃபோர்னியாவுக்கும் கனடாவுக்கும் அடித்தளமாய் அமைந்த மென்பொருளின் பெயரோ இன்னும் இனிமை: 'பீப்பிள்சாஃப்ட்'. மக்களையும் மென்மையையும் ஒரே சொல்லிலே இழைத்திருக்கிறார்கள்!

பாதை என்றார்கள், போகும் வழி தெரியாமல் மாணவர் நின்றனர். மக்களும் பணமும் என்றார்கள். மக்கள் ஒரு கரையிலும் பணம் மறு கரையிலும் நின்றன. பறவை என்றார்கள், சாம்பல்தான் கைக்கு வந்தது. மென்மை என்றார்கள், அந்த மென்மை எப்படிப்பட்டது என்பதை, வீட்டுக்காரரிடம் வாடகைக்குத் தவணை சொல்லி நின்ற மாணவனிடத்திலே கேட்க வேண்டும்.

"எங்கோ ஒரு பல்கலைக்கழகத்தின் சம்பளக் கணக்குக்கும் ஞாயிற்றுக்கிழமை அரசியல் கட்டுரைக்கும் என்னய்யா தொடர்பு?" என்று நீங்கள் கேட்கக்கூடும். தேர்தலிலே யார் வென்றார் என்பது மட்டுமா அரசியல்? உழைத்தவன் கைக்குக் கூலி எந்த நாளிலே வந்து சேருகிறது, வராதபோது அவன் யாரிடம் போய்க் கேட்பது, கேட்டால் பதில் சொல்லும் கடமை யாருக்கு உண்டு — இவற்றைக் காட்டிலும் பெரிய அரசியல் எனக்குத் தெரியாது. ஆகவே பொறுமையோடு படியுங்கள். டாலர்க் கணக்குகள் வரும், அலுப்பு வேண்டாம். அந்தக் கணக்குகளுக்குள்ளேதான் கதை இருக்கிறது.

கலிஃபோர்னியப் பல்கலைக்கழகம் ஒரு கட்டடமல்ல. பெர்க்கிலி, டேவிஸ், லாஸ் ஏஞ்சல்ஸ், சாண்டா பார்பரா, சான் டியேகோ என்று பத்து வளாகங்களாக மாநிலத்தின் நெடுகப் பரந்து கிடக்கிறது. ஊழியர் தொகை இரண்டு இலட்சத்துக்கும் மேல். நோபல் பரிசு பெற்ற பேராசிரியரும் அங்கே ஊழியர். மருத்துவமனைச் செவிலியரும் ஊழியர். தோட்டக்காரரும் சமையற்கூடத்தில் தட்டுக் கழுவுபவரும் ஊழியர். பகலில் தான் படித்து மாலையில் பிறருக்குப் பாடம் சொல்லும் ஆராய்ச்சி மாணவரும் ஊழியர். இத்தனை பேருக்கும் முப்பது ஆண்டுகளுக்கு மேலாகச் சம்பளம் கணக்கிட்டு வந்தது ஒரு பழைய கணினி முறை. ஒரு முறை என்பதுகூடப் பிழை. வளாகந்தோறும் தத்தம் தேவைக்கேற்ப வெட்டியும் ஒட்டியும் தைத்துக்கொண்டதால் பதினொரு வேறுவேறு உருவங்கள்!

இதை மாற்ற முடிவு செய்தார்கள். முடிவு தவறா? தவறே அல்ல. கிழிந்த சட்டைக்கு எத்தனை நாள்தான் ஒட்டுப் போடுவது? 2011இல் திட்டம் பிறந்தது. எல்லா வளாகங்களுக்கும் ஒரே மென்பொருள். எல்லாருடைய கணக்கையும் பார்க்க ரிவர்சைடு நகரிலே ஒரே நடுவம். செலவு 306 மில்லியன் டாலர். 2014க்குள் வேலை முடியும். முடிந்த பிறகு மிச்சப்படப்போவது 753 மில்லியன் டாலர்! கேட்ட காதெல்லாம் குளிர்ந்திருக்கும்.

2017இல் அம்மாநிலத் தணிக்கையாளர் அலுவலகம் ஏடுகளைப் புரட்டிப் பார்த்தது. 306 என்றது 504 ஆகியிருந்தது. அதுவும் தலைமையகத்தின் கணக்கு மட்டுமே. வளாகங்கள் தத்தம் பையிலிருந்து போட வேண்டிய 438 மில்லியன் அதிலே சேரவில்லை. சேர்த்துக் கூட்டினால் 942 மில்லியன் டாலர்! சொன்னதைப்போல் மூன்று மடங்குக்கும் மேல். முடியும் நாள் 2019க்குத் தள்ளிப் போயிருந்தது. அந்த 753 மில்லியன் மிச்சம்? எதிர்பார்த்த அந்தச் சேமிப்பு வரப்போவதில்லை என்று எழுதிவைத்தது தணிக்கை அறிக்கை. கிணறு வெட்டக் கிளம்பினார்கள். தண்ணீருக்கு முன்னே பூதம் எழுந்து வந்தது.

மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம் என்பார்கள் நம் வீடுகளிலே. மாணவன் கட்டணத்தை ஒரு வாரம் தாமதித்துக் கட்டினால் உலகத்துப் பல்கலைக்கழகங்கள் பலவற்றில் தண்டம் உண்டு. பல்கலைக்கழகம் ஐந்து ஆண்டு தாமதித்தால் அதற்குப் பெயர் 'திருத்திய கால அட்டவணை'!

போகட்டும். பணம் போனது பணக்காரப் பல்கலைக்கழகத்தின் பணம் என்று விட்டுவிடலாமா? விட்டுவிடலாம் — அத்தோடு நின்றிருந்தால். நிற்கவில்லையே!

2018ஆம் ஆண்டு, இலையுதிர்ப் பருவம். லாஸ் ஏஞ்சல்ஸ் வளாகத்திலும் சாண்டா பார்பரா வளாகத்திலும் புதிய முறைக்குத் திரை தூக்கினார்கள். மறு ஆண்டு பெர்க்கிலி. மாணவ ஊழியர் பலருக்குச் சம்பளம் வரவில்லை. சிலருக்குக் குறைந்து வந்தது. சிலருக்குக் கூடுதலாக வந்து, பிறகு திருப்பிக் கேட்கப்பட்டது. கூடுதலாக வந்ததும் தொல்லையே. செலவான பின்னர் திருப்பிக் கேட்டால் மாணவன் எங்கே போவான்?

ஏன் மாணவருக்கு? பேராசிரியருக்கும் துணைவேந்தருக்கும் வராத சோதனை இவர்களுக்கு மட்டும் ஏன்? விதியா? கிரகமா? இரண்டுமல்ல. காரணத்தைச் சொல்கிறேன்; இந்தக் கட்டுரையிலே நீங்கள் மறக்கக்கூடாத பகுதி இதுதான்.

நிலையான வேலையிலிருக்கும் பேராசிரியருக்குக் கணினியிலே ஒரே வரி. ஒரு பெயர், ஒரு பதவி, ஒரு துறை, ஒரு சம்பளம். பழைய ஏட்டிலிருந்து புதிய ஏட்டுக்கு அந்த வரியைத் தூக்கி வைத்தால் வேலை முடிந்தது. மாதாமாதம் தானே ஓடும். மாணவ ஊழியருக்கோ பருவந்தோறும் புதுவரி. மூன்று மாதத்துக்கு ஒருமுறை பணியமர்த்தம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை பணிமுடிவு. இந்தப் பருவம் வேதியியல் துறையிலே பாதி வேலை. அடுத்த பருவம் அங்கே கால் வேலை, கணிதத் துறையிலே விடைத்தாள் திருத்தக் கால் வேலை. அதன்மேல் ஆராய்ச்சி உதவித்தொகை ஒன்று, அதுவும் வேறொரு நிதியிலிருந்து. ஒரு மனிதன், மூன்று வரிகள், மூன்று ஒப்புதல்கள், மூன்று கடைசித் தேதிகள். இவற்றுள் ஒன்று தவறினால் போதும், ஒன்றாம் தேதி அவன் வங்கிக் கணக்கு வறண்டு கிடக்கும். ஒருவனுக்கு ஒரு வேலை, ஒரு மேலாளர் என்னும் வணிக நிறுவனத்தின் அளவுக்குத் தைத்த சட்டையைப் பல்கலைக்கழகத்துக்கு மாட்டினால் பிதுங்குவது யாருடைய தோள்? ஒரு வரியிலே அடங்காதவனுடைய தோள்!

ஆக, ஒழுங்காக ஓடியது யாருக்கு? நிலையான வேலையும் நிறைந்த சம்பளமும் சேமிப்பும் உள்ளவருக்கு. உடைந்தது யாருக்கு? அடுத்த சம்பளம் வராவிட்டால் அடுத்த வேளைக்கு வழி தேடவேண்டியவருக்கு. குருவி தலையிலே பனங்காயை வைத்துவிட்டு, குருவிக்குக் கழுத்து வலு போதாது என்று குறிப்பு எழுதினார்கள்.

இதிலே நம் வீட்டுப் பிள்ளைகளும் உண்டு என்பதை மறவாதீர்கள். சேலத்திலிருந்தும் நெல்லையிலிருந்தும் கடன் வாங்கிப் படிக்கப் போன பிள்ளைகள் அந்த நாட்டு ஆய்வுக்கூடங்களிலே இருக்கிறார்கள். அவர்களுக்கு இன்னொரு விலங்கும் உண்டு. படிப்பதற்கான விசாவிலே போனவர் பருவ காலத்தில் வளாகத்துக்குள்ளே வாரத்துக்கு இருபது மணி நேரம்தான் வேலை செய்யலாம். வெளியிலே வேலை செய்யத் தனி அனுமதி வேண்டும். சம்பளம் வரவில்லையா, சரி, இரவிலே ஓர் உணவகத்தில் தட்டுத் தூக்கி ஓட்டலாம் என்றாலும் சட்டம் கையைப் பிடிக்கும். (பெயர்க் கொடுமை வேறு. தகப்பன் பெயரின் முதலெழுத்தை முன்னே வைத்து வாழும் நமக்கு, முதற்பெயர் எது, குடும்பப் பெயர் எது? கடவுச்சீட்டிலே ஒரு கட்டம் காலியாக இருந்தால் அமெரிக்க விசாவிலே 'முதற்பெயர் தெரியாதவர்' என்பதன் மூன்றெழுத்துச் சுருக்கத்தைப் பெயராகவே அச்சிட்டுவிடுகிறார்கள். அழகப்பனும் தெரியாதவர், அன்புச்செல்வியும் தெரியாதவர்!)

நாடகக்காரன் நான், காட்சியாகச் சொல்லாவிட்டால் எனக்கு நெஞ்சு ஆறாது. இது நான் எழுதிய காட்சி. நடந்த உரையாடலின் பதிவல்ல. ஆனால் எந்த நாட்டு மாணவ ஊழியரிடம் படித்துக் காட்டினாலும், "எனக்குத் தெரியாமல் ஒளிந்திருந்து கேட்டாயா?" என்பார்.

மாணவன்: ஐயா, இம்மாதச் சம்பளம் வரவில்லை.

துறை: நாங்கள் பதிந்துவிட்டோம். நடுவத்தைக் கேளுங்கள்.

நடுவம்: பதிவு வந்தது. ஒப்புதல் வரவில்லை. துறையைக் கேளுங்கள்.

துறை: ஒப்புதல் அளித்துவிட்டோமே! அவர்களுக்குத் தெரியவில்லையாமா?

நடுவம்: திரையிலே தெரியவில்லை. உங்கள் முறையீட்டைப் பதிவு செய்து எண் கொடுத்திருக்கிறோம்.

மாணவன்: எண் வந்தது, பணம்?

நடுவம்: அந்த எண்ணைக் குறிப்பிட்டுத் துறையைக் கேளுங்கள்.

கண்ணகி மதுரைக்கு வந்தபோது அவளுக்கு ஒரு வாயில் இருந்தது, வாயிற்காவலன் இருந்தான், அவை இருந்தது, அவையிலே அரசன் இருந்தான். கையிலே சிலம்பு இருந்தது, உடைத்துக் காட்டினாள். தவறு செய்தவன் தன் தவறென்று ஒப்புக்கொண்டு வீழ்ந்தான். இந்த மாணவனிடத்திலும் சிலம்பு இருக்கிறது: நடத்திய வகுப்பின் பட்டியல் இருக்கிறது, திருத்திய தாள் இருக்கிறது, பணியாணை இருக்கிறது. அரசனைத்தான் காணோம்! துறை கையை விரிக்கிறது, நடுவம் கையை விரிக்கிறது, மென்பொருள் விற்றவர் ஒப்பந்தத்தின் இத்தனையாவது பிரிவைக் காட்டுகிறார். எல்லாரும் சேர்ந்து ஒரு குற்றவாளியைக் கண்டுபிடிக்கிறார்கள். அவன் பெயர் 'தொழில்நுட்பக் கோளாறு'. அவனுக்கு முகம் இல்லை, முகவரி இல்லை, சிறை இல்லை, சம்பள வெட்டும் இல்லை.

அந்த மாணவர்களுக்கு முகவரி கொடுத்தது அவர்களுடைய சங்கம். வேடிக்கையைக் கேளுங்கள்: அது மோட்டார்த் தொழிலாளர் சங்கம்! அமெரிக்க ஐக்கிய மோட்டார்த் தொழிலாளர் சங்கத்தின் 2865ஆம் கிளைதான் அப்போது கலிஃபோர்னியப் பல்கலைக்கழக மாணவ ஆசிரியர்களின் சங்கமாக இருந்தது. வண்டிக்குத் திருகு முடுக்கும் கையும் விடைத்தாளுக்கு மதிப்பெண் இடும் கையும் ஒரே கொடியின்கீழ் நிற்கின்றன. தனித்தனி எண்களாய்ச் சிதறிக் கிடந்த முறையீடுகளை அந்தச் சங்கம் ஒன்றாகக் கட்டித் தூக்கிக்கொண்டு போய்க் கதவைத் தட்டியது.

இனி விஸ்கான்சின் மாநிலத்துக்கு வாருங்கள். அங்கேயும் பல வளாகங்கள் கொண்ட பெரிய பல்கலைக்கழகம். சம்பளத்துக்கும் பணியாளர் பதிவுக்கும் புதிய மென்பொருள் என்று தொடங்கி, ஏறத்தாழ 28 மில்லியன் டாலரைக் கரைத்த பிறகு, 2006இல் 'இது வேண்டாம்' என்று கைகழுவினார்கள். பிறகு வேறொன்றைப் பிடித்து 2011இல் ஓடவிட்டார்கள். அது ஓடிற்று. எப்படி ஓடிற்று? 2013இல் அம்மாநிலச் சட்டமன்றத்தின் தணிக்கைப் பிரிவு சொல்லிற்று: மருத்துவக் காப்பீட்டுத் தவணையிலும் ஓய்வூதியப் பங்கிலும் ஏறத்தாழ 33 மில்லியன் டாலர் மிகையாகக் கட்டப்பட்டிருக்கிறது! வேலையைவிட்டுப் போனவர்களுக்கும் காப்பீட்டுத் தவணை போய்க்கொண்டிருந்தது.

ஓரிடத்திலே வேலை செய்தவனுக்குப் பணம் இல்லை. மற்றோரிடத்திலே வேலையை விட்டுப் போனவனுக்கும் பணம் உண்டு! இருப்பவன் இல்லை, இல்லாதவன் இருக்கிறான். நம் ஊர் மேடையிலே மாயா தத்துவம் பேசும் பெரியவர்கள் கூட இவ்வளவு தெளிவாக விளக்கியதில்லை.

எடின்பரோவைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பதினாறாம் நூற்றாண்டிலே பிறந்த பல்கலைக்கழகம் அது. பணியாளர் பகுதியை முதலில் மாற்றினார்கள். 2022இல், கல்வியாண்டு தொடங்கும் வாசலிலே, நிதிப் பகுதியையும் மாற்றினார்கள். ஆராய்ச்சி மாணவர் பலருக்கு உதவித்தொகை காலத்தில் வரவில்லை. பொருள் கொடுத்த வணிகர்களுக்குப் பணம் போகவில்லை. பணம் போகாத இடத்திலிருந்து ஆய்வுக்கூடத்துக்குப் பொருளும் வரவில்லை. நிர்வாகம் மன்னிப்புக் கேட்டது. வெளியாரைக் கொண்டு ஆய்வும் நடந்தது. மன்னிப்புக் கேட்டது நல்ல பண்புதான். மன்னிப்பை வங்கியிலே கட்ட முடியாது என்பதுதான் அதிலே குறை.

இரண்டு நாடுகளிலும் தேர்ந்தெடுத்த நாளைப் பாருங்கள். லாஸ் ஏஞ்சல்ஸிலே செப்டம்பர்; எடின்பரோவிலே ஆகஸ்ட். ஆயிரக்கணக்கான மாணவ ஊழியர் புதிதாகப் பதிவாகும் நேரம், கூட்டம் நெரியும் நேரம் அது. தேர்த் திருவிழா அன்று காலையிலா தேர்ச்சக்கரத்தைக் கழற்றி மாட்டுவது?

"அப்படியானால் நீங்கள் கணினிக்கு எதிரி! முன்னேற்றத்துக்கு எதிரி! பழைய பேரேட்டையே கட்டிக்கொண்டு அழவேண்டுமென்கிறீர்கள்!" என்று சிலர் மேசையைத் தட்டுவார்கள். இந்த வாதத்தை நான் பலமுறை கேட்டிருக்கிறேன். சம்பளம் வந்தவர்களே இதைச் சொல்கிறார்கள் என்பதையும் கவனித்திருக்கிறேன்.

பதினொரு உருவத்திலே ஓடிய கிழட்டு முறையைக் காப்பாற்ற நான் வாதாடவில்லை. பகுத்தறிவை நம்புகிறவன் இயந்திரத்தைப் பேயென்று அஞ்சமாட்டான். தெய்வமென்று கும்பிடவும் மாட்டான். திருப்பிப் பார்ப்பான், தட்டிப் பார்ப்பான், நிறுத்துப் பார்ப்பான். இயந்திரத்தை நான் குற்றக்கூண்டில் ஏற்றவில்லை. இந்த நாளிலே இதை ஓடவிடு என்று கையொப்பமிட்டவர் யாரோ, அவரைத்தான் ஏற்றுகிறேன்.

எங்கள் நாடகக் குழுவிலே ஒரு வழக்கம் உண்டு. பழைய நாயகன் விலகிப் புதிய நாயகன் வரும்போது ஒரே நாளிலே மாற்றுவதில்லை. சில ஊர்களில் பழையவர் மேடையிலே நடிப்பார். புதியவர் பக்கத்திரைக்குப் பின்னே நின்று அதே வசனத்தை அதே நேரத்திலே சொல்லிப் பார்ப்பார். எங்கே பிசகுகிறதோ அங்கே குறித்துக்கொள்வோம். பிசகு தீர்ந்த பிறகுதான் அரிதாரம். சம்பள மென்பொருளுக்கும் இதே ஒத்திகை உண்டு. அந்தத் தொழிலிலே உள்ளவர்கள் அறிந்ததுதான். பழைய முறையும் புதிய முறையும் ஒரே மாதத்துச் சம்பளத்தைத் தனித்தனியே கணக்கிட வேண்டும். இரண்டையும் பக்கத்திலே பக்கத்திலே வைத்து, ஆள்மேல் ஆளாக, காசுமேல் காசாக ஒப்பிட வேண்டும். பழையது 41,250 என்று சொல்லி, புதியது 41,200 என்றால், அந்த ஐம்பது எங்கே ஒளிந்தது என்று கண்டுபிடிக்கும்வரை திரை தூக்கக்கூடாது. ஒரு மாதம் பொருந்தினால் போதாது. பருவம் மாறும் மாதத்திலும் பொருந்த வேண்டும். ஏனென்றால் வருகிறவரும் போகிறவரும் கூடும் மாதத்திலேதான் கணக்கின் முதுகெலும்பு தெரியும்.

கனடா என்ன செய்தது தெரியுமா? பீனிக்ஸை ஒரு துறையிலே மட்டும் முதலில் ஓட்டிப் பார்க்கும் முன்னோட்டம் ஒன்று திட்டத்தில் இருந்தது. காலமும் பணமும் போதவில்லை என்று அதை நீக்கிவிட்டு, 2016இல் நேரே மேடையேற்றினார்கள். அதற்கு முன்னரே, பல துறைகளிலும் பரவியிருந்த ஏறத்தாழ 1,200 சம்பளக் கணக்கர் பதவிகளை ஒழித்து, ஏறத்தாழ 550 பேரை வைத்து மிராமிச்சி என்னும் ஊரிலே ஒரே நடுவத்தை அமைத்திருந்தார்கள். அறிந்தவர் வீட்டுக்குப் போனார்கள். அறியாத இயந்திரம் நாற்காலியில் உட்கார்ந்தது. பல்லாயிரம் அரசு ஊழியர் சம்பளத்துக்கு அலைந்தனர். 2018இல் அந்நாட்டுத் தலைமைத் தணிக்கையாளர் அதைத் திட்ட மேலாண்மையின் படுதோல்வி என்ற கருத்துப்பட எழுதினார். யானையை வாங்கியவர்கள் அங்குசத்திலே மிச்சம் பிடித்த கதை!

'அறிந்தவர்' என்றேனே, அவரைப்பற்றி ஒரு வார்த்தை. நான் கல்லூரிப் படியேறிப் பாதியிலே இறங்கியவன். அந்தக் கல்லூரியின் அலுவலகத்திலே ஒரு மூத்த எழுத்தர் இருந்தார். பெயரைக் கேட்டால் ஊரைச் சொல்வார். ஊரைச் சொன்னால் உதவித்தொகை எந்த இனத்தில் வரவேண்டும் என்பதைச் சொல்வார். அவர் ஓய்வு பெற்றார், கணினி வந்தது. எனக்கு வரவேண்டிய உதவித்தொகை வரவில்லை. என் தலைப்பெழுத்து கல்லூரிக் கணினியிலே பெயருக்குப் பின்னேயும் வங்கியிலே பெயருக்கு முன்னேயும் இருந்ததாம். ஓர் எழுத்து, முன்னும் பின்னுமாய் ஒரே எழுத்து, அதற்காக வந்த பணம் திரும்பிப் போய்விட்டது. ஐந்து மாதம் நடந்தேன். "கணினி ஏற்கவில்லை" என்றார் புதிதாக வந்தவர். அவர்மேல் எனக்கு இன்றும் கோபமில்லை. ஏற்கச் செய்யும் அதிகாரம் அவர் கையிலே இல்லை. அதனால்தான் படிப்பை விட்டேன் என்று சொன்னால் பொய்யாகும். நாடகப் பித்துக்கும் அதிலே பெரும்பங்கு உண்டு. ஆனால் "கணினி ஏற்கவில்லை" என்ற அந்த இரண்டு சொற்களை நான் மறக்கவில்லை.

அதியமானிடம் பரிசில் நாடிச் சென்றார் பெருஞ்சித்திரனார் என்னும் புலவர். அவன் அவரை நேரிலே பாராமல் பரிசிலை மட்டும் கொடுத்தனுப்பினான். புலவர் வாங்க மறுத்துவிட்டார். ஆளைக் கண்டு தகுதி அறிந்து தராத பொருள் தமக்கு வேண்டாம் என்றார். அந்தப் பெருமிதம் வறுமையிலும் அவருக்கு இருந்தது! இன்றைய மாணவன் அவ்வளவு கேட்கவில்லை. "காணாமலேயாவது கொடுங்கள்" என்கிறான், அதுவும் நடக்கவில்லை.

தஞ்சைப் பெரிய கோயிலின் சுவரைப் போய்ப் படித்திருக்கிறீர்களா? கோயிலிலே பணிசெய்ய இராசராசன் குடியமர்த்திய 400 தளிச்சேரிப் பெண்டுகளின் பட்டியல் அங்கே கல்லிலே இருக்கிறது. வெறும் தொகை அல்ல. எந்தத் தெரு, எந்தச் சிறகு, எத்தனையாவது வீடு, அந்த வீட்டிலே இருப்பவள் பெயர் என்ன, எந்த ஊர்த் தளியிலிருந்து வந்தவள் — ஒவ்வொருத்திக்கும் தனித்தனியே! ஆண்டுக்கு ஒரு பங்கு. பங்குக்கு நூறு கலம் நெல். ஒருத்தி இறந்துபோனால் அந்தப் பங்கு யாருக்குப் போகும் என்பதும் வெட்டப்பட்டிருக்கிறது. பெண்களைக் கோயிலோடு பிணைத்துவைத்த அந்த முறையை நான் போற்றவில்லை. அந்த வழக்கை வேறொரு ஞாயிற்றுக்கிழமை பேசுவோம். நான் காட்டவந்தது ஏட்டை மட்டும். உளியால் வெட்டிய அந்தப் பணியாளர் பதிவேட்டிலே ஓர் ஊழியரைத் தேடினால் வீட்டு வாசலுக்கே போய் நிற்கலாம். ஆயிரம் ஆண்டுக்குப் பிறகு மின்னாற்றலிலே ஓடும் பதிவேட்டிலே தேடினால் ஓர் எண்ணுக்கு முன்னே போய் நிற்கிறோம்.

இந்தக் கேள்வி நம் வாசலுக்கு வந்து நாளாகிறது. தமிழ்நாட்டு அரசு ஊழியரின் சம்பளப் பட்டியல் ஒருங்கிணைந்த நிதி மற்றும் மனிதவள மேலாண்மைத் திட்டம் என்னும் கணினி முறை வழியே போகத் தொடங்கிச் சில ஆண்டுகள் ஆகின்றன. நம் பல்கலைக்கழகங்களிலும் பேரேடுகள் ஒவ்வொன்றாகத் திரைக்கு மாறுகின்றன. மாறட்டும், மாறத்தான் வேண்டும். ஆனால் நம் வளாகங்களிலே பருவந்தோறும் புதுவரியாய் எழுதப்படுகிறவர் யார்? கௌரவ விரிவுரையாளர். தொகுப்பூதியத்தில் இருக்கும் ஆய்வக உதவியாளர். ஒப்பந்தக்காரர் மாறும்போதெல்லாம் பெயர் அழிந்து எழுதப்படும் தூய்மைப் பணியாளர். கலிஃபோர்னியாவிலே மாணவ ஆசிரியர் நின்ற இடத்திலே இங்கே நிற்கப்போகிறவர் இவர்களே.

ஆகையால் பல்கலைக்கழகச் சங்கங்களில் இருக்கும் தோழர்களுக்குச் சொல்கிறேன். புதிய மென்பொருள் வருகிறது என்று சுற்றறிக்கை வந்தால் கைதட்டவும் வேண்டாம், கல்லெறியவும் வேண்டாம். ஒத்திகைத் தாளைக் கேளுங்கள். பழைய கணக்கும் புதிய கணக்கும் பக்கத்திலே பக்கத்திலே இருக்கும் தாளை, பெரிய சம்பளக்காரரின் பக்கத்தை அல்ல, கடைசிப் பக்கத்தைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். பருவம் மாறும் மாதத்திலும் ஓட்டிப் பார்த்தாயிற்றா என்று கேளுங்கள். கணக்குத் தெரிந்த மூத்த எழுத்தரை வீட்டுக்கு அனுப்பும் உத்தரவு அதே உறையிலே மடித்து வைக்கப்பட்டிருக்கிறதா என்று பிரித்துப் பாருங்கள். அப்புறம் ஆட்சிக்குழுவின் மேசையிலே இந்த ஒரு கேள்வியை எழுத்திலே கொடுத்து, எழுத்திலே விடை வாங்குங்கள்:

முதல் மாதம் ஒருவருக்குச் சம்பளம் வராவிட்டால், அன்று மாலை விளக்கு வைப்பதற்குள் அவர் கையிலே பணம் கொடுக்கும் அதிகாரம் யாருக்கு? அவர் பெயர் என்ன? எந்தக் கட்டடத்தில், எந்தச் சிறகில், எத்தனையாவது அறையில் உட்கார்ந்திருப்பார்?